குடியானவர் அபிப்பிராயம் ஏட்டில் ஏறவேண்டும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் நன்செய் நிலங்களுக்கும் ஏரிகளுக்கும் நடுவே தொழிற்சாலைகள் பெருகி வருவதை யாவரும் அறிவர். இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் மோட்டார் தொழிற்சாலை 1998-ஆம் வருஷத்தில் உற்பத்தியைத் தொடங்கிற்று. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை 2010-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்டது. இவற்றால் விளைந்த நன்மை தீமைகளைத் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் பேசாத குடியானவர் அரியர். ஆயினும் அப்பேச்சு எவ்வளவு உண்மையாயினும், காகிதத்தில் ஏறாதவரையில், தீர்மானம் செய்யும் அதிகாரியின் மேஜையை அது சென்றடைவதில்லை.

குடியானவர் அறிந்த விஷயங்கள் பலவற்றை வரைபடத்தைக் கொண்டு மாத்திரம் அறிய இயலாது. காஞ்சிபுரம் ஜில்லாவின் ஏரிகள் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டவை. மேல் ஏரியின் கலங்கல் நீரே கீழ் ஏரிக்கு வரத்தாகிறது. ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரி நீர், 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரிக்குச் சென்று சேருகிறது. 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்துப் பெருமழையில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. மேலே ஒரு வரத்துக்கால் தூர்ந்தால் கீழே ஓர் ஆயக்கட்டு காயும். ஒரு போக்குக்கால் அடைபட்டால் ஒரு குடியிருப்பு மூழ்கும். எந்தக் கால்வாயில் எந்த மாதம் நீர் ஓடும் என்பதை, அதன் கரையில் உழுபவரே நன்கறிவார். அவர் சொல்லாவிடில் வேறு யார் சொல்வார்?

சொல்வதற்குரிய வழிகளைச் சட்டமே வகுத்திருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுப்பது பெரும்பாலும் 1997-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சட்டத்தின் கீழாகும். நிலம் எடுக்கும் அறிவிப்பை வெளியிடுமுன், ஏன் எடுக்கலாகாது என்பதற்குக் காரணம் காட்டும்படி சொந்தக்காரரைக் கேட்கவேண்டுமென்று அச்சட்டம் கூறுகிறது. 2013-ஆம் வருஷத்து மத்தியச் சட்டத்தின் கீழாயின், முதல் அறிவிப்பு வெளிவந்த 60 நாட்களுக்குள் கலெக்டரிடம் எழுத்து மூலம் ஆட்சேபணை தரலாம். சுற்றுச்சூழலைப் பற்றிய 2006-ஆம் வருஷத்து அறிவிக்கையின்படி, பெருந்திட்டங்களுக்குப் பொது விசாரணை நடத்துமுன் குறைந்தது 30 நாள் அவகாசம் தரப்படவேண்டும். நேரில் வர இயலாதவர் எழுதியும் அனுப்பலாம். விசாரணையில் எழுப்பப்பட்டவை தமிழிலும் எழுதி வைக்கப்படவேண்டும். திட்டத்தை நடத்துவோர் அவற்றுக்கு விடையளிக்கவும் கடமைப்பட்டவர்.

இங்கே முக்கியமாகக் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. அங்கீகாரம் பெற்ற தொழிற்பேட்டைக்குள் பின்னர் வந்து அமையும் தொழிற்சாலைகளுக்குத் தனித்தனியே பொது விசாரணை நடத்துவதினின்று மேற்படி அறிவிக்கை விலக்களிக்கிறது. ஆகவே பேட்டை உண்டாகும் தருணமே பேசுதற்குரிய தருணமாகும். அப்போது வாளாவிருந்துவிட்டு, கொட்டகைகள் எழுந்தபின் முறையிடுவது, அறுவடை முடிந்தபின் களையெடுப்பதை ஒக்கும். ஆட்சேபணை கொடாதவர் அவ்வுரிமையைக் கைவிட்டவராகவே கருதப்படுவர் என, 1894-ஆம் வருஷத்துப் பழைய நிலம் எடுப்புச் சட்டத்தைப் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் கூறியுள்ளது.

எழுதும் முறையும் கருதத்தக்கது. "எங்களுக்கு இத்திட்டம் வேண்டாம்" என்று மாத்திரம் எழுதினால், அதற்கு ஒரே வரியில் விடை வரக்கூடும். இன்ன சர்வே நம்பரில் இன்ன கால்வாய் ஓடுகிறது, அது இன்ன ஏரிக்கு நீர் தருகிறது, அதன் ஆயக்கட்டு இத்தனை ஏக்கர், அதை மூடினால் மழைநீர் இன்ன தெருவுக்குள் புகும் என்று எழுதினால், அதைத் தள்ளுவதற்கும் காரணம் காட்டவேண்டிவரும். பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களை உடன் இணைப்பது நலம். மனுவின் பிரதியில் தேதியுடன் ஒப்புகை பெற்று வைத்துக்கொள்வது அவசியம். திட்டத்தை ஆதரிப்பவரும், வேலையோ நஷ்டஈடோ கருதி நிபந்தனை கூறுபவரும் அவ்விதமே எழுதவேண்டும். ஆட்சேபணை மாத்திரமே அபிப்பிராயம் ஆகாது.

"எழுதினாலும் கேட்பவர் யார்?" என்று சலித்துக்கொள்வோர் பலர். அச்சலிப்பு முற்றும் ஆதாரமற்றதன்று. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக, 2022-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி முதல் ஏகனாபுரத்தார் தங்கள் கிராம சபையில் மீண்டும் மீண்டும் தீர்மானம் இயற்றினர். அதனால் திட்டம் கைவிடப்படவில்லை. 2025-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்காரின் கொள்கையளவிலான ஒப்புதலும் கிடைத்தது. எனினும் அவ்விடத்து நீர்நிலைகளை ஆராய ஒரு குழு நியமிக்கப்பட்டது; அவ்வூராரின் குரல் நாடெங்கும் அறியப்பட்டது. அவர்கள் அறிந்து சம்மதித்தார்கள் என்று எவரும் பின்னாளில் சொல்ல இயலாது. எழுதிய சொல் எப்போதும் வெல்வதில்லை. எழுதாத சொல்லோ வழக்கிலேயே சேருவதில்லை.

கிராம அதிகாரிகளின் பொறுப்பு இதில் சிறியதன்று. ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு தினங்களில் கிராம சபை கூடுகிறது. கையொப்பம் வாங்கிக் கூட்டத்தைக் கலைப்பதோடு கடமை முடிந்ததாகக் கொள்ளலாகாது. மாறுபட்ட அபிப்பிராயத்தையும் சொன்னவர் சொன்னபடியே எழுதி, கூட்டத்தில் வாசித்துக் காட்டவேண்டும். அறிவிப்பு வந்த அன்றே தண்டோராவாலும் பலகையாலும் அதன் கடைசித் தேதியைத் தெரிவிப்பதும், எழுதத் தெரியாதவருக்கும் தனித்து நிலம் வைத்திருக்கும் பெண்களுக்கும் மனு எழுதித் தர ஏற்பாடு செய்வதும் அவர்கள் செய்யக்கூடிய பேருதவியாகும்.

இதே ஜில்லாவைச் சேர்ந்த உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய வருஷங்களில், சபையார் தாங்கள் செய்த ஏற்பாடுகளைக் கல்லில் வெட்டி வைத்தனர். அன்று அச்சபையில் வாயாற் பேசப்பட்டவை மறைந்தன; வெட்டப்பட்டவை இன்றளவும் சாட்சி சொல்லுகின்றன. இக்காலத்தவருக்குக் கல்லும் உளியும் வேண்டுவதில்லை. ஒரு தாளும், குறித்த தேதிக்குள் அதைச் சேர்ப்பிக்கும் ஊக்கமுமே போதுமானவை.