முதலில் பெட்டி, பிறகு ஆம்ப்ளிஃபையர்

தீபாவளி முடிந்ததும் காலியாகும் பிஸ்கட் டின்களுக்கு எங்கள் வீட்டில் எப்போதும் வேலை உண்டு. ஒன்றில் அம்மா ஊசி நூல் வைப்பார். இன்னொன்றில் மின்சார பில்லும் கிளினிக் சீட்டுகளும் போகும். படிவம் 4 படித்த ஆண்டு, மூன்றாவது டின்னை நான் எடுத்துக்கொண்டேன். அதற்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மரையும் சிறிய ஆம்ப்ளிஃபையர் போர்டையும் திருகி, பக்கத்தில் ஆணியால் துளை போட்டு, இரண்டு கம்பி வயரை நுழைத்து, அப்பாவின் பழைய ஸ்பீக்கர்களை இணைத்தேன். பாட்டு வந்தது. அன்றைக்கு ஜித்ராவிலேயே பெரிய பொறியியலாளர் நான்தான் என்று நினைப்பு.

இரண்டு வாரம் கழித்து, மேசையைத் துடைக்க டின்னை நகர்த்திய அம்மா "ஐயோ" என்று கையை உதறினார். நான் போட்ட துளையின் விளிம்பு பிளேடு மாதிரி இருந்திருக்கிறது. டின் நகர நகர அது வயரின் உறையை அறுத்து, லைவ் கம்பியைத் தகரத்தோடு சேர்த்துவிட்டது. அம்மா ரப்பர் செருப்பு போட்டிருந்தார், தரையும் காய்ந்திருந்தது. அதனால்தான் தப்பித்தார். பக்கத்து வீட்டு வயர்மேன் அண்ணன் வந்து டெஸ்ட் பென்னை டின்னில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. "தம்பி, பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பெட்டி யார் செஞ்சது?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு எந்த மாணவர் கண்காட்சிக்குப் போனாலும் என் கண் முதலில் பெட்டியைத்தான் தேடும். இடைநிலைப்பள்ளிகளில் 2017-இல் 'கெமாஹிரான் ஹிடுப்' போய் 'ரேக்கா பெந்தோக் டான் தெக்னோலோஜி' வந்தது. வடிவமைப்பு என்ற சொல் பாடத்தின் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் நான் பார்த்த படைப்புகளில் பல, அழகாக சால்டரிங் செய்த போர்டை அட்டைப்பெட்டிக்குள் சூட்டுப் பசையால் ஒட்டி வைத்தவை. கேட்டால், "அண்ணா, பெட்டி கடைசியா பார்த்துக்கலாம்" என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அந்த வரிசை தவறு என்பதுதான் என் கருத்து. மின்சாரத்தில் ஓடும் ஆம்ப்ளிஃபையரில் பெட்டியும் சர்க்கிட்டின் ஓர் உறுப்பு.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது உலோகப் பெட்டிக்குள் நுழைகிறது என்றால் மூன்று கம்பி வயர் கட்டாயம். பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். எர்த் கம்பியைப் பெட்டியின் உலோகத்தில் தனியாக ஒரு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். போர்டைப் பிடித்திருக்கும் திருகிலேயே அதையும் சேர்த்து மாட்டக்கூடாது. அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட வேண்டும். எர்த் கம்பியை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடுவது வழக்கம். யாராவது வயரை வெடுக்கென்று இழுத்தால் அது கடைசியாகத்தான் அறுபட வேண்டும். இப்படிச் செய்திருந்தால், லைவ் கம்பி தகரத்தைத் தொட்ட அந்த நொடியே எங்கள் வீட்டு இ.எல்.சி.பி. விழுந்திருக்கும், அம்மாவின் கை அங்கே போவதற்கு முன்பே.

இது பிஸ்கட் டின் வைத்து விளையாடும் பையன்களின் கதை மட்டுமல்ல. 1972 மே 3ஆம் தேதி, வேல்ஸ் நாட்டின் சுவான்சியில் ஒரு மேடையில், 'ஸ்டோன் த குரோஸ்' இசைக்குழுவின் கித்தார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். தொழில்முறைக் கலைஞர், நிகழ்ச்சிக்கென்றே அமைத்த மேடை. அங்கேயே அப்படி.

"கஷ்டப்படுவானேன், இணையத்தில் பளபளப்பான அலுமினியப் பெட்டி வாங்கிவிடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தக் கறுப்பு, வெள்ளி நிறங்கள் பெரும்பாலும் பெயின்ட் அல்ல, அனோடைஸ் செய்த ஆக்சைடு படலம். அது மின்சாரத்தைக் கடத்தாது. மேல்மூடி, அடித்தட்டு, பக்கத் தகடுகள் எல்லாம் திருகினால் ஒன்றாகத் தெரியும், மின்சாரத்தின் கணக்கில் தனித்தனியாக நிற்கக்கூடும். அடித்தட்டில் மட்டும் எர்த் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தால், மேல்மூடி என் பிஸ்கட் டின் மாதிரிதான். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு மூலையைச் சுரண்டி, வயரால் இணைக்க வேண்டும். பிறகு வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பிளக்கின் எர்த் முனையில் மல்ட்டிமீட்டரின் ஒரு முனையையும் ஒவ்வொரு தகட்டிலும் மறுமுனையையும் வைத்துப் பாருங்கள். பீப் சத்தத்தை நம்ப வேண்டாம். பல மீட்டர்கள் பத்து இருபது ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். எண்ணைப் படியுங்கள், 1 ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும்.

அடுத்தது சூடு. எல்.எம்.3886 என்ற ஐ.சி.யைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ±28 வோல்ட், 8 ஓம் ஸ்பீக்கரோடு ஓடும்போது அந்த ஒரு ஐ.சி. மோசமான நிலையில் சுமார் 20 வாட்டைச் சூடாகவே கக்கும். ஸ்டீரியோ என்றால் இரண்டு ஐ.சி., 40 வாட். ஒரு சால்டரிங் அயர்னை எரியவிட்டு, பெட்டிக்குள் வைத்து மூடுவதற்குச் சமம். இங்கே மதியம் அறையே 33 பாகையில் இருக்கும். அலுமினியம் வெப்பத்தைச் சாதாரண இரும்புத் தகட்டைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு நன்றாகக் கடத்தும். எவர்சில்வர் இரும்பைவிடவும் மோசம், பார்க்கத்தான் அழகு. அதனால் ஐ.சி. உட்காரும் பக்கம் தடித்த அலுமினியமாக, ஹீட்சிங்க் இதழ்கள் செங்குத்தாக இருக்கட்டும். சூடான காற்று மேலே ஏற வழி வேண்டும்.

இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரண எல்.எம்.3886-இன் முதுகு உலோகம் மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது, டி.டி.ஏ.7294-க்கும் அப்படியே. எர்த் கொடுத்த பெட்டியில் அதை நேராகத் திருகினால் சப்ளை ஷார்ட் ஆகிவிடும். நடுவே மைக்காவோ சிலிகான் தாளோ, திருகைச் சுற்றிப் பிளாஸ்டிக் புஷ்ஷும் வேண்டும். நான் இரண்டு ஐ.சி.களைக் கருக்கிய பிறகுதான் டேட்டாஷீட்டின் அந்தப் பக்கத்தைப் படித்தேன். வட்ட வடிவ டொராய்ட் டிரான்ஸ்ஃபார்மரின் நடு போல்ட்டும் அப்படித்தான். அது அடித்தட்டையும் மேல்மூடியையும் ஒரே நேரத்தில் தொட்டால், பெட்டியே ஷார்ட் ஆன ஒரு சுற்றுக் கம்பியாகி டிரான்ஸ்ஃபார்மர் எரியும். வாங்கும்போதே பெட்டியின் உயரத்தை அளந்துவிடுங்கள்.

பெட்டி எங்கே கிடைக்கும்? நம் பட்டணங்களில் அலுமினியக் கதவு, சன்னல் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. துண்டு விழுந்த ஆங்கிள், தகடு எல்லாம் மூலையில் கிடக்கும். மரியாதையாகக் கேட்டால் தவுக்கே எடைபோட்டுக் கொடுப்பார், சில நேரம் சும்மாவே. பழைய இரும்புக் கடையில் கெட்டுப்போன டிவிடி பிளேயர், கணினியின் பவர் சப்ளை டப்பா கிடைக்கும். பவர் சப்ளை டப்பா என் விருப்பம். 150க்கு 86க்கு 140 மில்லிமீட்டர் இரும்பு, மின்சாரச் சாக்கெட்டுக்கு வெட்டிய துளை, காற்றாடி, எர்த் இடம் எல்லாம் தயாராக இருக்கும். ஆனால் அதிலுள்ள பெரிய கப்பாசிட்டரில், பிளக்கைக் கழற்றிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் திறக்காதீர்கள்.

துளை போடுவதற்குப் பொறுமை போதும். தகட்டில் மறைப்பு நாடா ஒட்டி, அதன்மேல் கோடு வரைந்து, மையத்தில் பஞ்சால் ஒரு தட்டு தட்டி, 3 மில்லிமீட்டரில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். விளிம்பை அரத்தால் தேயுங்கள். வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். இருபது சென் பொருள் அது. என் டின்னில் இல்லாதது அதுதான்.

இன்னும் படிவம் 3, 4 படிப்பவர்கள் 230 வோல்ட்டைப் பெட்டிக்குள் கொண்டுவரவே வேண்டாம் என்பேன். சூ மோய் என்பவர் 1990-களின் பிற்பகுதியில் வெளியிட்ட ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். உலகெங்கும் பலர் அதைப் புதினா மிட்டாய் டின்னில் செய்து பழகினார்கள். ஸ்பீக்கர்தான் வேண்டும் என்றால் டி.பி.ஏ.3116 போர்டும் சிரிம் முத்திரையுள்ள 19 வோல்ட் மடிக்கணினி அடாப்டரும் போதும். 90 விழுக்காட்டுக்கு மேல் திறன், அதனால் சூடும் குறைவு. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அந்த ஐ.சி.யில் ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளிலும் சிக்னல் ஓடும். மைனஸ்தானே என்று ஒன்றைப் பெட்டியில் தொடவிடக்கூடாது. பண்டார் டாருல் அமான் பொலிடெக்னிக்கிலோ வேறெங்கோ மின்பொறியியல் டிப்ளோமா சேர்ந்த பிறகு, பார்த்துச் சொல்ல ஆள் இருக்கும்போது, டிரான்ஸ்ஃபார்மருக்குப் போங்கள்.

இப்போது வீட்டில் ஓடுவது ஒரு பழைய டிவிடி பிளேயரின் பெட்டி. அதில் வந்த இரண்டு கம்பி வயரைத் தூக்கிப்போட்டு மூன்று கம்பி போட்டேன், பிளக்கில் 3 ஆம்பியர் ஃபியூஸ். மூடி, அடித்தட்டு, பக்கங்கள் என்று எங்கே அளந்தாலும் 1 ஓமுக்குக் கீழேதான். அதை அம்மாவிடம் பலமுறை காட்டிவிட்டேன். இருந்தும் தூசி துடைக்கும்போது, புறங்கையால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியை வைக்கிறார்.