பக்கவாட்டை ஆர் பாக்கப்போறது?

கம்பஸ் லீவு நாட்களில நான் ஒரு ஸ்ரூடியோவில பகுதிநேரமா வேலை செய்யிறன். கன்வஸில படம் அடிச்சு, மரச்சட்டத்தில இழுத்துப் பூட்டிக் குடுக்கிற இடம். போன மாதம் ஒரு அக்கா தன்ர படத்தை எடுக்க வந்தா. பழைய கலியாணவீட்டுக் குழுப்படம். இடம்பெயர்வில அல்பங்கள் எல்லாம் போய், அவவின்ர அப்பா இருக்கிற படம் எண்டு மிஞ்சினது அது ஒண்டுதான். வரிசையின் கடைசியில், ஓரத்தோடு ஒட்டினபடி அப்பா நிற்கிறார். சட்டத்தைச் சரிச்சுப் பார்த்த அக்கா கேட்டா: "இதென்ன தம்பி, அப்பாவுக்கு இன்னொரு காதும் கன்னமும் முளைச்சிருக்கு?"

முளைக்க வைத்தது நான்தான். சரியாகச் சொன்னால், நான் அழுத்தின ஒரு பட்டன்.

விசயம் இதுதான். இந்த வகைக் கன்வஸுக்கு வெளிச்சட்டம் இல்லை. துணி மரத்தைச் சுற்றி மடிந்து பின்னால் பூட்டப்படும். மரத்தின் தடிப்பு 1½ அங்குலம் என்றால், பூட்டுவதற்கும் சேர்த்து ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 2 அங்குலம் கூடுதலாக வேணும். படத்தையே மடித்தால் முன்னால் இருக்கிற ஆள் பக்கத்துக்குப் போயிடுவார். அதனால் ஓரத்து 2 அங்குலத்தைப் பிரதி எடுத்து, கண்ணாடியில் தெரிவது மாதிரித் திருப்பி, வெளியில் ஒட்டுவார்கள். கடலும் வானமும் பனையும் என்றால் அருமையான யுக்தி. முன்படம் முழுசா இருக்கும், பக்கமும் வெறுமையா இருக்காது. ஆனால் ஓரத்தில் மனிசர் நின்றால், அந்த மனிசரும் திரும்புவார்.

இதைத் தானியக்கம் ஆக்குவது லேசு. ஃபோட்டோஷொப்பில் ஒருதரம் செய்து 'அக்சன்' ஆகப் பதிந்துவிட்டால், ஒரு ஃபோல்டர் முழுக்க அதுவே செய்து முடிக்கும். இமேஜ்மேஜிக், ஓப்பன்சிவி தெரிந்தவர்களுக்கு ஒரு சில வரிகள் போதும்.

எங்கட பீடத்தில் இதைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம் எழும்பும்: "இயந்திரம் கலையைக் கொல்லுது, கையால செய்யிறதுதான் உண்மை." நான் அந்தக் கட்சி இல்லை. 40 படம் வந்தால் 160 ஓரம். ஒவ்வொன்றாக வெட்டி, திருப்பி, ஒட்டி, மூலைகளையும் நிரப்ப வேணும். அதில என்ன கலை இருக்கு? மணிக்கட்டு நோதான் இருக்கு. அந்த வேலையை இயந்திரத்திட்டக் குடுக்கிறதுதான் சரி.

என்ர சண்டை மற்றக் கட்சியோடு. பட்டனை அழுத்தினால் வேலை முடிஞ்சுது என்கிற கட்சி. அக்கா போன பிறகு எனக்குக் கிடைச்ச பதில்: "பக்கவாட்டை ஆர் பாக்கப்போறது?"

ஆர் பாக்கிறதெண்டா, வாசலால உள்ள வாற எல்லாரும் பாக்கினம். சுவரில் தொங்குகிற படத்துக்கு எல்லாரும் நேரே நடந்து போவதில்லை. பக்கத்தாலதான் வருகிறோம். பக்கம் தெரியத்தான் வெளிச்சட்டம் இல்லாமல் விக்கிறம், அதுக்குத்தான் கூடக் காசும் வாங்கிறம். காசு வாங்கும்போது பக்கம் தெரியுது, பிழை வந்தால் தெரியாதாம்.

இயந்திரம் பிழை விடவில்லை. சொன்னதைத்தான் செய்தது. சொன்ன நாங்கள் பார்க்கவில்லை. பதிந்து வைத்த அக்சனில் '600 புள்ளி' என்று இருந்தால், அங்குலத்துக்கு 300 புள்ளி உள்ள படத்தில் அது 2 அங்குலம். அதையே ஃபோனில் வந்த 1600 புள்ளி அகலப் படத்தில் ஓட்டி 18 அங்குலத்துக்கு அடிச்சால், ஓரம் 6¾ அங்குலம் ஆகும். இதைத் திருத்தலாம்: முதலில் படத்தை அடிக்கிற அளவுக்குக் கொண்டுவந்து, ஓரத்தை அங்குலத்தில் கணக்குப் பார்த்தால் சரி. ஆனால் அந்த ஓரத்தில் நிற்பது பனையா, ஒரு பிள்ளை தேடித் தேடி வைத்திருக்கிற தகப்பனா என்பதைப் புள்ளிக் கணக்குச் சொல்லாது.

அப்ப என்ன செய்யலாம்? அதே தானியக்கத்திடம் இன்னொரு வேலையும் சொல்லுங்கோ. ஒவ்வொரு படத்தின் நாலு ஓரத்தையும் வெட்டி ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டட்டும். 40 படத்தையும் பார்த்து முடிக்கப் பத்து நிமிசம் போதும். முகம், கை, எழுத்து எதாவது ஓரத்தில் பட்டால், அந்தப் படத்தை மட்டும் வெளியே எடுங்கோ. பக்கத்துக்கு ஒரு தனிநிறம் குடுக்கலாம். இடமிருந்தால் பின்னணியை நீட்டலாம். எது வேணும் என்று படத்துக்குரியவரிடம் கேளுங்கோ. அது அவையின்ர படம்.

"அதுக்கு நேரமில்லை" என்பார்கள். இங்கதான் எனக்குக் கோபம் வருது. ஒரு பின்னேரம் முழுக்கச் செய்த வேலை சில நிமிசத்தில் முடியுது. மிச்சம் பிடிச்ச நேரம் எங்க போனது? இன்னும் கூட ஓடர் எடுக்கப் போனது. வேலை செய்யிற பெடியனின்ர சம்பளம் கூடவில்லை, படத்தைப் பார்க்கிற நேரமும் கூடவில்லை. அந்த நேரத்தில் பத்து நிமிசத்தைத் திருப்பிக் கேட்கிறது பெரிய புரட்சி இல்லை.

அக்காவின்ர படத்தைத் திரும்ப அடிச்சம். பக்கங்களுக்குப் பின்சுவரின்ர மங்கின நீலத்தை எடுத்துக் குடுத்தன். பழுதான கன்வஸின்ர காசு என்ர சம்பளத்தில் கழிந்தது. பார்க்காமல் அழுத்தினது நான், அதால அந்தக் காசைப் பற்றிக் கதைக்க வரேல்ல. ஆனால் அந்த அக்சன் இன்னும் அந்தக் கொம்பியூட்டரில் அப்படியே இருக்கு. நாளைக்கும் ஒரு ஃபோல்டர் வரும்.

நீங்கள் படம் அடிக்கக் குடுத்தால், வாங்க முதல் சட்டத்தைச் சரிச்சுப் பாருங்கோ. நாலு பக்கமும் பாருங்கோ. பிழையெண்டால் வாங்காதேங்கோ.