வீடு பூட்டியிருந்தது

திண்டுக்கல் பூட்டுக்கு நாடெங்கும் கீர்த்தி உண்டு. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ஊர்ப் பட்டறைகளில் செய்த எந்தப் பூட்டையும்விடப் பலமான பூட்டு ஒன்று உண்டு. அது இரும்பால் ஆனதல்ல. இரண்டே வார்த்தைகளால் ஆனது. ‘வீடு பூட்டியிருந்தது’ என்று கோர்ட்டு நோட்டீஸின் முதுகில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டால் போதும். அதற்குள் அகப்பட்டுக்கொண்ட நியாயம் வெளியே வர மாசக்கணக்கில் ஆகும்.

ஜீவனாம்ச வழக்குகளைப் பற்றித்தான் சொல்கிறேன்.

திண்டுக்கல்லை ஒட்டிய பேகம்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அங்கே அடக்கமாகியிருப்பதாகவும், அவர் பெயராலேயே ஊர் வழங்குவதாகவும் சொல்வார்கள். பெண்ணின் பெயரைச் சூடிக்கொண்ட ஊர்! அங்கே தோல் ஷாப்பில் வேலை செய்யும் ஒருவன், மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் பிறந்த வீட்டுக்கு விரட்டிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அவள் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போடுகிறாள். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் இப்படிக் கேட்கலாமா என்ற சந்தேகத்தைக்கூட 2024 ஜூலை 10-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்த்து வைத்துவிட்டது. உரிமை இருக்கிறது, மனு இருக்கிறது, நீதிபதியும் இருக்கிறார். நோட்டீஸ் மட்டும் போய்ச் சேரவில்லை.

“மகன் இருக்காராம்மா?”

“வெளியூர் போயிருக்காருங்க. எப்ப வருவாருன்னு தெரியாது.”

வெளியூர் போனவர் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்! காகிதம் திரும்புகிறது. ‘சார்வாகவில்லை’ என்று குறித்து வாய்தா போடுகிறார்கள். மறுபடி பேட்டா, மறுபடி நோட்டீஸ், மறுபடி வெளியூர்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இடைக்கால ஜீவனாம்ச மனுவைக் கூடியவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எந்த நாளிலிருந்து 60 நாள்? மனுப் போட்ட நாளிலிருந்து அல்ல. எதிராளியிடம் நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து! ஹிந்து விவாகச் சட்டத்திலும் இதே கதைதான். வழக்கை ஆறு மாசத்தில் முடிக்க முயல வேண்டுமாம். அந்த ஆறு மாசமும் நோட்டீஸ் சேர்ந்த பிறகுதான் ஆரம்பம். கடிகாரத்தைச் செய்தவர்கள் அதன் சாவியை ஓடி ஒளிகிறவன் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு விநோதமும் உண்டு. ஆள் இல்லாவிட்டால் வீட்டிலுள்ள வயது வந்த ‘ஆண்’ ஒருவரிடம் சம்மனைக் கொடுக்கலாம் என்பது பழைய விதி. சிவில் சட்டத்தில் 1976-இல் இதைத் திருத்தினார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலோ, புதிய சட்டம் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1-ஆம் தேதிவரை அந்த ‘ஆண்’ அசையாமல் உட்கார்ந்திருந்தார். நாடாண்ட பெண்ணுக்கும் தன் வீட்டுச் சம்மனை வாங்கிக்கொள்ள யோக்கியதை இல்லை!

“மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதே, பிறகென்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் இரண்டு வருஷம் கழித்து வரும் பாக்கிப் பணத்தைக் காட்டி இன்றைக்குப் பால் வாங்க முடியுமா? பள்ளிக்கூடம் காத்திருக்குமா?

“எதிராளியைக் கேட்காமல் உத்தரவு போடுவது அநியாயமல்லவா?” என்பது அடுத்த கேள்வி. இது நியாயமான கேள்வி, மறைக்க மாட்டேன். பிறந்த வீட்டில் இருக்கும் மனைவிக்குப் புருஷன் வீட்டு விலாசத்தில் நோட்டீஸ் அனுப்பி, ஒருதலையாக விவாகரத்து வாங்கிக்கொள்ளும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு மோசடிக்கும் வேர் ஒன்றுதான். காகிதம் உரியவர் கையில் சேர்ந்ததா என்று யாரும் அக்கறையாகப் பார்ப்பதில்லை.

வழி இல்லாமலும் இல்லை. வேண்டுமென்றே நோட்டீஸைத் தட்டிக்கழிக்கிறவன்மேல் ஒருதலையாக விசாரித்து ஜீவனாம்சம் விதிக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. அவனுக்கு நல்ல காரணம் இருந்தால் மூன்று மாசத்துக்குள் வந்து சொல்லி அதை ரத்து செய்துகொள்ளலாம். கொண்டுபோனவரைச் சத்தியப் பிரமாணத்தில் விசாரிக்கவும் சிவில் சட்டத்தில் இடமிருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இலேயே நோட்டீஸ் சேர்ப்பிக்க இரண்டு நாள் கெடு வைத்தது. மேற்கொண்டு அவகாசம் வேண்டுமானால் மாஜிஸ்திரேட்டைத்தான் கேட்க வேண்டும். அடி வாங்கினவளுக்கு இரண்டு நாள், பட்டினி கிடப்பவளுக்கு எல்லையே இல்லை என்பது என்ன தர்மம்?

நான் கேட்பது அதிகமில்லை. மனுவோடு புருஷன் வேலை செய்யும் இடத்தையும் எழுதி வாங்குங்கள். நோட்டீஸ் அங்கேயும் போகட்டும். ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதுகிறவர் எந்த நாள், எந்த நேரம், பக்கத்து வீட்டில் யாரை விசாரித்தேன் என்பதையும் எழுதட்டும். இரண்டாம் முறையும் ஏமாற்றினால் இடைக்கால உத்தரவு பிறக்கட்டும். கெடுவை மனுப் போட்ட நாளிலிருந்து எண்ணுங்கள். குழந்தைகளின் பசி அந்த நாளுக்கு முன்பே ஆரம்பமாகிவிட்டது.