சிக்னல் இல்லை, சந்தா மட்டும் உண்டு: எல்லைக் கிராமங்களின் செல்போன் வழக்கு

களியக்காவிளைக்கு மேற்கே கேரளம், கிழக்கே தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ந் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அன்று தரையில் போட்ட கோட்டுக்கு ஆகாயத்தில் என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் செல்போன் உலகில் அந்தக் கோடு இன்றும் உயிரோடு இருக்கிறது. பாறசாலை, காரோடு, வெள்ளறடை, பொழியூர் போன்ற ஊர்களில் வசிக்கும் தமிழ்த் தொழிலாளர்களும் குமாஸ்தாக்களும் அதன் விலையைக் கொடுக்க நேரிடுகிறது.

பணம் கட்டிய பிறகு வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கவில்லை என்றால், அந்தக் கம்பெனியை விட்டு வெளியே வர முடியுமா? வந்தால் கட்டிய பணம் என்ன ஆகும்? முதல் கேள்விக்குச் சட்டம் நல்ல பதில் சொல்கிறது. இரண்டாவது கேள்வியில் மௌனம் சாதிக்கிறது.

இரண்டு வட்டாரங்களின் இழுபறி

செல்போன் சேவைக்காக இந்தியா 22 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கேரளம் ஒரு வட்டாரம், தமிழ்நாடு மற்றொன்று. ஒரே கம்பெனியானாலும் இரண்டு வட்டாரங்களிலும் அதன் அடையாள எண் வேறு வேறு. பக்கத்து வட்டாரத்துக்குள் அலை அதிகம் புகாதபடி எல்லையோர டவர்களை அமைப்பது வழக்கம். மேடும் பள்ளமும் ரப்பர் தோட்டங்களும் நிறைந்த பூமியில், மிச்சம் இருக்கும் அலையும் மெலிந்து போகிறது.

செல்போனின் சுபாவம் இன்னொரு காரணம். அது தன் சொந்த வட்டாரத்து டவரையே முதலில் தேடும். அந்த அலை எவ்வளவு மெலிந்திருந்தாலும் அதையே பிடித்துத் தொங்கும். அது முற்றிலும் அறுந்த பிறகே பக்கத்து வட்டாரத்து டவருக்குத் தாவும். தாவிய பிறகும் பழைய டவரை அவ்வப்போது தேடிக்கொண்டே இருக்கும். பேச்சு பாதியில் அறுவதும், பாட்டரி சீக்கிரம் தீர்வதும் இதனால்தான். 'டேட்டா ரோமிங்' என்ற பொத்தானை அணைத்து வைத்திருந்தால், எல்லை தாண்டிய டவரில் இன்டர்நெட் வராது. கம்பெனியைக் குறை சொல்வதற்கு முன் அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொள்வது நல்லது.

முன்பு இந்தத் தாவலுக்கே தனிக் கட்டணம் இருந்தது. வீட்டில் உட்கார்ந்திருந்தவரும் வெளிமாநிலப் பயணியாகக் கணக்கிடப்பட்டார். ரோமிங்கில் வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு ரூ.1.75 வரை வாங்கலாம் என்றிருந்த உச்சவரம்பு, 2013 ஜூலை 1 முதல் 75 காசாகவும், 2015 மே 1 முதல் 45 காசாகவும் இறங்கியது. பிறகு போட்டி காரணமாகக் கம்பெனிகளே அதைத் திட்டத்துக்குள் சேர்த்துவிட்டன. அந்தச் சுமை நீங்கியது. சிக்னல் தகராறு மட்டும் நீங்கவில்லை.

வெளியேறும் வழி

எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் அமலில் இருக்கிறது. வேறு வட்டாரத்துக்கும் அதே எண்ணோடு போகலாம் என்பது 2015 ஜூலை 3-ல் வந்தது. நாகர்கோவில் எண்ணை வைத்திருப்பவர், எண்ணை இழக்காமல் கேரள வட்டாரச் சந்தாதாரராக மாறலாம். எல்லைவாசிக்கு இது பெரிய லாபம்.

'போர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லையும் அதன் பின் தன் எண்ணையும் 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஒரு ரகசியக் குறியீடு வரும். அது நான்கு நாள் செல்லும். அதற்குள் புதிய கம்பெனியின் கடையில் மனுச் செய்ய வேண்டும். 2019 டிசம்பர் 16-ல் அமலான விதிப்படி, அதே வட்டாரத்துக்குள் மாற 3 வேலை நாள். வேறு வட்டாரத்துக்கு மாற 5 வேலை நாள்.

நிபந்தனைகள் உண்டு. இப்போதைய கம்பெனியில் 90 நாள் பூர்த்தியாகியிருக்க வேண்டும். மாதாந்திர பில்காரர் பாக்கியைத் தீர்த்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வெளியேறும் நிபந்தனை ஏதும் இருந்தால் அதை நிறைவேற்றியிருக்க வேண்டும். சிம் கார்டை மாற்றி வாங்கியவர் ஏழு நாள் காத்திருக்க வேண்டும் என்பது 2024 ஜூலை 1-ல் சேர்ந்த விதி. முதலாளி வாங்கிக் கொடுத்த எண் என்றால், அவருடைய கடிதம் தேவை.

இந்த நிபந்தனைகளில் '90 நாள்' என்பதே எல்லைவாசியை உறுத்துவது. புதிய சிம் வாங்கி வீட்டுக்கு வந்த முதல் இரவிலேயே சிக்னல் இல்லை என்று தெரிந்தாலும், மூன்று மாதம் அதைச் சுமந்தே ஆக வேண்டும். அடுத்த கம்பெனியும் ஏமாற்றினால் மறுபடியும் 90 நாள்.

பணம் யாருக்கு?

இந்தியாவில் மிகப் பெரும்பாலோர் முன்பணம் கட்டுபவர்கள். அவர்களுக்கு ஒப்பந்தம் என்பது கையெழுத்திட்ட காகிதம் அல்ல. 28 நாள், 84 நாள், ஒரு வருஷம் என்று கட்டும் ரீசார்ஜ்தான். கம்பெனி மாறினால் மிச்சப் பணமும் மிச்ச நாட்களும் போய்விடும். விதியே அப்படித்தான். கூலித் தொழிலாளி 84 நாள் பணத்தைக் கட்டி, பத்தாவது நாளில் வெளியேறினால், 74 நாள் பணம் சிக்னல் தராத கம்பெனிக்கே சேரும். கதவு திறந்திருக்கிறது, பையை உள்ளே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) சிறப்பு வவுச்சர்களின் ஆயுளை 90 நாளிலிருந்து 365 நாள் வரை நீட்ட அனுமதித்தது. பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் வேண்டுவோருக்குத் தனித் திட்டம் வைக்கவும் உத்தரவிட்டது. இரண்டாவது ஏழைகளுக்கு நல்லது. முதலாவது இரு முனைக் கத்தி. ஆயுள் நீளும் அளவுக்குப் பூட்டும் பெரிதாகிறது.

கோர்ட்டுகள் சொன்னது

டெலிபோன் சந்தாதாரர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்பதே நெடுநாள் தகராறாக இருந்தது. கோழிக்கோட்டில் இணைப்பு துண்டிக்கப்பட்ட ஒரு சந்தாதாரருக்கு மறு இணைப்பும் ரூ.5,000 நஷ்ட ஈடும் தர நுகர்வோர் மன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. பழைய தந்திச் சட்டத்தின் 7-பி பிரிவு மத்தியஸ்தத்துக்கு வழி வைத்திருப்பதால் நுகர்வோர் மன்றத்துக்கு இடமில்லை என்று 2009 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அதைக் காட்டிப் பல புகார்கள் வாசலிலேயே திருப்பப்பட்டன.

2022 பிப்ரவரி 16-ல் நிலைமை மாறியது. மாதம் சராசரி ரூ.555 பில் வந்த ஆமதாபாத் சந்தாதாரர் ஒருவருக்கு, ஒரே மாதத்துக்கு ரூ.24,609.51 பில் வந்தது. அவர் 2014-ல் தொடுத்த வழக்கில், நுகர்வோர் மன்றம் விசாரிக்கத் தடையில்லை என்று மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் தீர்ப்பளித்தது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் சட்டம் 'சேவை' என்பதற்குத் தரும் விளக்கத்தில் தொலைத்தொடர்பும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. எங்கே வழக்காடலாம் என்பதைத் தீர்மானிக்கவே எட்டு வருஷம் ஆனது என்பதையும் மறக்கக் கூடாது.

பாதியில் அறும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு ரூபாய், நாளுக்கு மூன்று வரை, சந்தாதாரருக்குத் தர வேண்டும் என்று டிராய் 2015-ல் விதி செய்தது. எல்லாத் தவறும் கம்பெனியுடையதே என்று கொள்வது நியாயமல்ல என்று கூறி, 2016 மே 11-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது.

புதிய விதியின் ஓட்டை

2024 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்த தரவிதிகளின்படி, ஒரு ஜில்லாவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் பில்காரருக்கு வாடகைக் கழிவும் ரீசார்ஜ்காரருக்கு நாள் நீட்டிப்பும் கிடைக்க வேண்டும். வரவேற்க வேண்டிய விதிதான். ஆனால் அளவுகோல் ஜில்லா. திருவனந்தபுரம் நகரம் முழுவதும் சிக்னல் இருக்கும்போது, வெள்ளறடையில் ஒரு சரிவு மட்டும் வருஷம் முழுதும் இருண்டு கிடந்தால், அது இந்தக் கணக்கில் வராது.

அதே விதிகளில் எல்லைவாசிக்கு உதவும் ஓர் ஆயுதமும் இருக்கிறது. எந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். ரீசார்ஜ் செய்வதற்கு முன் அதில் தன் வார்டைப் பார்ப்பது உத்தமம். வரைபடத்தில் வண்ணமும் வீட்டில் வெறுமையும் என்றால், அந்தப் படமே கம்பெனிக்கு எதிரான சாட்சி. அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

புகாரை முதலில் 198-ல் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். திருப்தி இல்லையானால், கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குக் கட்டணமின்றி எழுதலாம். அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் மேல் ஜில்லா நுகர்வோர் ஆணையம். ரூ.5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குப் போடலாம். விளவங்கோட்டில் வீடும் திருவனந்தபுரத்தில் உத்தியோகமும் உள்ளவருக்கு இரண்டு ஜில்லாக்களும் திறந்திருக்கின்றன.

பிரிட்டனில் 2019 மார்ச் முதல் ஒரு வழக்கம் இருக்கிறது. அதை ஏற்ற பிராட்பேண்ட் கம்பெனிகள், வாக்களித்த வேகத்தை 30 நாளில் தர முடியாவிட்டால், அபராதமின்றிச் சந்தாதாரரை விடுவிக்க வேண்டும். இங்கும் அப்படி ஒரு விதி சாத்தியமே. வரைபடத்தில் காட்டிய சிக்னல் புகார் கொடுத்த 30 நாளில் வராவிட்டால், 90 நாள் நிபந்தனை தளர வேண்டும்; மிச்ச நாட்களின் பணம் திரும்ப வேண்டும். இதற்குப் புதிய டவர் தேவையில்லை. விதியில் ஒரு வரி போதும்.

எல்லைவாசி கேட்பது சலுகையல்ல. நகரத்துச் சந்தாதாரர் கட்டும் அதே தொகையை அவரும் கட்டுகிறார். ஊரில் இருக்கும் மனைவியின் குரலும், மேஸ்திரியின் அழைப்பும், வங்கியின் ரகசிய எண்ணும் அந்த ஒரு கருவியில்தான் வர வேண்டும். சேவை வராத நாளுக்குக் காசு வாங்குவது எந்த வியாபாரத்திலும் முறையாகாது.