மட்டை குப்பை அன்று!



மலாயாவில் செம்பனை வணிகப் பயிராக வேரூன்றியது நம் கோல சிலாங்கூரில்தான். 1917ஆம் ஆண்டு, அன்றைய பத்தாங் பெர்சுந்தைப் பகுதியில், தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகோனியே அதனை நட்டார். தோட்டத்தின் பெயரே தமிழ்! தோட்டத்து நிரைகளில் குலை வெட்டி, மட்டை அடுக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்றும் வட சிலாங்கூர்த் தமிழ்ப்பள்ளிகளில் பயில்கின்றனர்.

அவர்களுள் ஒருவன், ஐந்தாம் ஆண்டு மாணவன், அண்மையில் என்னிடம் கேட்டான்: "ஐயா, வெட்டிப்போடும் மட்டையெல்லாம் குப்பைதானே? எரிபொருள் செய்ய விற்றால் காசு வருமாமே?" அவன் தந்தைக்குச் சில ஏக்கர் செம்பனை உண்டு. யாரோ அவரிடம் ஆசை காட்டியிருக்கிறார்கள்.

மட்டை குப்பை என்று சொன்னவர் யார்? குலை வெட்டும்போது அதனைத் தாங்கும் மட்டையையும் வெட்டி நிரைகளுக்கிடையே அடுக்குகிறோம். ஓர் எக்டரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 டன் உலர்பொருள் இப்படி மண்ணுக்குத் திரும்புகிறது. அது மக்கித் தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் மரத்திற்கே ஊட்டுகிறது; மழைநீரில் மண் அரித்துப் போகாமல் காக்கிறது. மட்டையை விற்கும் சிறுதோட்டக்காரர் அதே சத்தை மூட்டை உரமாகக் கடையில் வாங்க வேண்டும். 2022இல் உரவிலை எப்படி ஏறியது என்பதை மறந்துவிட்டோமா? ஒரு கையால் விற்று, மறு கையால் அதைவிடக் கூடுதல் விலைக்கு வாங்குவது வணிகமா, ஏமாளித்தனமா?

"ஐரோப்பாவில் செய்கிறார்களே!" என்பர் சிலர். உண்மைதான். ஸ்பெயின் நாட்டின் வில்லாஃபிராங்கா தெல் பெனதேஸ் நகரில், கவாத்து செய்த திராட்சைக் கொடிகளைச் சில்லுகளாக்கி எரித்து வெப்பம் பெறுகின்றனர். ஆனால், திராட்சைத் தோட்டங்கள் பலவற்றில் அக்கழிகளை நோய்க்கு அஞ்சி வெளியேற்றுவதும் எரிப்பதும் வழக்கம். வீணாக எரிவதைப் பயனாக எரிப்பது அறிவு. நம் மட்டையோ வீணாகவே இல்லையே!

நான் உயிரி எரிபொருளுக்குப் பகைவன் அல்லன். உண்மையான கழிவு எது என்பதே என் கேள்வி. ஆலையில் ஒரு டன் குலைக்கு அரை டன்னுக்கும் மேல் கழிவுநீர் வெளியாகிறது. திறந்த குளங்களில் அது தேங்கினால் மீத்தேன் வளி எழும். நூறாண்டுக் கணக்கில் அது கரிவளியைவிட 25 மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்குவது. அதனைப் பிடித்தால் மின்சாரம்! புதிய ஆலைகளும் விரிவாக்கம் நாடும் ஆலைகளும் அவ்வளியைப் பிடிக்க வேண்டும் என 2014 முதல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் விதித்தது. பழைய ஆலைகளை அவ்விதி அப்போது கட்டாயப்படுத்தவில்லை.

மறுநடவின்போது சாய்க்கப்படும் முதிய மரங்களும் உண்டு. அழுகும் அடிமரத்தில் காண்டாமிருக வண்டு பெருகி இளங்கன்றுகளைத் தின்னும். திறந்தவெளியில் எரிப்பதோ சட்டப்படி குற்றம். அம்மரத்தின் சாற்றிலுள்ள சர்க்கரையிலிருந்து எத்தனால் எடுக்க முடியும் என்பதைச் சப்பானிய, மலேசிய ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர்.

வானுக்குப் போகும் வளியை விட்டுவிட்டு, மண்ணுக்குரிய மட்டையை லோரியில் ஏற்றுவது எந்த ஊர் அறிவியல்? குளத்து வளியைப் பிடிக்க ஆலை முதலாளி பணம் போட வேண்டும். மட்டையைக் கொடுக்கச் சிறுதோட்டக்காரர் தம் மண்ணைப் பலியிட வேண்டும். எது எளிதென்று கணக்குப் போட்டவர்கள்தாம் மட்டைக்குக் 'கழிவு' என்று பெயர் சூட்டினர்.

என் மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "தம்பி, அப்பாவிடம் போய்ச் சொல். மட்டை மரத்தின் சோறு. சோற்றை விற்றுவிட்டு மரத்தைப் பட்டினி போடாதீர்கள் என்று ஐயா சொன்னார் என்று சொல்."

தோட்டத்தில் பிறந்த நாம் இந்தக் கணக்கைக் கற்காவிட்டால், நமக்காக வேறொருவர் கணக்கெழுதுவார். சிந்திப்போம்!