தொகைச்சொற்களும் தொலையுஞ் சொற்களும்

ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் ஒரு பட்டியல் தரப்பெறுகின்றது. உரொட்டிக்கு ஒரு சொல், பூண்டுக்கு ஒரு சொல், சோளத்திற்கு ஒரு சொல், தாளுக்கு ஒரு சொல் என, பொருள்களைத் தொகுத்தும் பகுத்தும் எண்ணுதற்குரிய ஆங்கிலச் சொற்களின் பட்டியல் அது. பிள்ளைகள் அதனை உருப்போடுகின்றனர், தேர்வில் எழுதுகின்றனர், பின்னர் மறந்துவிடுகின்றனர். எப்பொருளுக்கு எச்சொல் என்று கற்பிப்பார் உளர். ஏன் அச்சொல் என்று கற்பிப்பார் அரியர். அதனைக் கற்பித்தால் ஆங்கிலமும் விளங்கும், தமிழும் பிழைக்கும்.

ஆங்கிலேயன் இச்சொற்களைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியெடுக்கவில்லை. பூண்டின் ஒரு கூற்றை அவன் 'கிளோவ்' என்கின்றான். பிளத்தலைக் குறிக்கும் 'கிளீவ்' என்னும் வினைக்கு உறவான பழஞ்சொல் அது. முட்டைக்கோசைத் 'தலை' என்று எண்ணுகின்றான். அக்காய்க்குரிய 'கேபேசு' என்னும் பெயரே, தலையைக் குறித்த பிரெஞ்சு வழக்கினின்று வந்ததாகும். உரொட்டியை எண்ணும் 'இலோஃப்' என்பதோ, பழைய ஆங்கிலத்தில் உரொட்டிக்கே பெயராக இருந்தது. உரொட்டியைக் காப்பவன் என்னும் பொருள்கொண்ட கூட்டுச்சொல் தேய்ந்தே, பெருநிலக்கிழானைக் குறிக்கும் 'இலார்டு' ஆயிற்று. மாப் பிசைபவள் என்பது தேய்ந்து 'இலேடி' ஆயிற்று. எண்ணுஞ்சொல் ஒன்றன் அடியில் ஒரு குமுகாயத்தின் உணவும் உழைப்பும் ஆட்சியும் புதைந்து கிடத்தல் காண்க!

வணிகத்தின் வழியே வந்தனவும் உண்டு. 500 தாள்களைக் குறிக்கும் 'இரீம்', கட்டு எனப் பொருள்படும் அரபிச் சொல்லின் வழிவந்தது. 'டசன்' என்பது பிரெஞ்சினின்று பெற்றது. மீன் திரளைக் குறிக்கும் 'இசுகூல்' பள்ளியன்று. கூட்டத்தைக் குறிக்கும் டச்சுச் சொல்லே அது. கதிரைக் குறிக்கும் 'இயர்' காதுமன்று. கூர்மைப் பொருளுடைய வேறொரு வேரினின்று முளைத்தது. இக்கரணியங்களை அறிந்த பிள்ளைக்குப் பட்டியல் சுமையாகாது.

புனைந்தெடுத்த சொற்களும் ஆங்கிலத்தில் உள. 1486-இல் இங்கிலாந்தில் அச்சேறிய 'தூய ஆல்பன்சு நூல்', பருந்து பழக்குதலும் வேட்டையும் பற்றிப் பேசுவது. அதன்கண் உள்ள கூட்டப்பெயர்ப் பட்டியலில் அரிமாக் கூட்டத்திற்குப் 'பெருமிதம்' என்னும் பெயர் காணப்பெறுகின்றது. காக்கைக் கூட்டத்திற்குக் 'கொலை' என்பதும் இத்தகைய பெயரே. இவற்றுட் சில வழக்கில் நிலைத்தன. பல, கற்றோர்தம் சொல்விளையாட்டாகவே நின்றுவிட்டன. உழவனும் அடுமனையாளனும் கைப்பட ஆண்ட சொற்களோ, யாரும் பட்டியலிடாமலே நிலைபெற்றன.

இனி நம் நிலையைப் பார்ப்போம். வாழைக்கும் கொடிமுந்திரிக்கும் மலர்க்கும் திறவுகோலுக்கும் ஆங்கிலேயன் நாள்வழக்கில் 'பஞ்ச்' என்னும் ஒரே சொல்லை ஆள்கின்றான். வாழை வணிகர் மட்டுமே தாற்றின் பகுதியைக் 'கை' என்றும் தனிப்பழத்தை 'விரல்' என்றும் பகுத்துரைப்பர். தமிழிலோ தாறும் சீப்பும் வணிகர்க்கே உரிய சொற்களல்ல. எழுத்தறியாத் தாயும் ஆண்டவை. அவன் கையைக் கண்ட இடத்தில் நாம் சீப்பைக் கண்டோம். பூண்டில் அவன் பிளவைக் கண்டான். நாம் பல்லைக் கண்டோம். பலாவுக்குச் சுளை, வெற்றிலைக்குக் கவுளி, கீரைக்குக் கட்டு, நூலுக்குக் கண்டு, பூவுக்குச் சரம், வைக்கோலுக்குப் போர் என, பொருளுக்குப் பொருள் நம் முன்னோர் பார்த்துப் பார்த்துப் பெயரிட்டனர். தொல்காப்பியர் மரபியலிற் புல்லினத்துக்குரிய உறுப்புப் பெயர்களுள் குலையையும் வைத்தெண்ணினார். மொழிஞாயிறு பாவாணர், கொத்து, குலை, தாறு, கதிர், குரல், சீப்பு என்பவற்றின் வேறுபாட்டைத் தெளிவுறப் பகுத்துக் காட்டினார்.

இவ்வளவு சொல்வளம் இருந்தும், நகர்ப்புறக் கடைகளில் வாழைப்பழம் 'ஒரு பஞ்ச்' ஆகின்றது. பலாச்சுளை 'நாலு பீசு' ஆகின்றது. சீப்பு என்னுஞ் சொல் மறையுமாயின், வாழைத்தாற்றில் சீப்பின் வடிவைக் கண்ட அக்கண்ணும் உடன் மறையும்.

தூயதமிழ் வழங்குவோர் என்று நெஞ்சு நிமிர்த்தும் நமக்கும் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். கத்தரிக்கோலுக்கு இரண்டு அலகுகள் இருத்தலால் ஆங்கிலேயன் அதனை இணையாக எண்ணுகின்றான். அதைப் பார்த்து 'ஓர் இணைக் கத்தரிக்கோல்' என்றும், 'ஓர் இணைக் காற்சட்டை' என்றும் எழுதுவார் நம்மிடையே உளர். சொல் ஒவ்வொன்றும் தமிழே. ஆயினும் எண்ணும் முறை தமிழன்று. தமிழனுக்குக் கத்தரிக்கோல் ஒன்று, காற்சட்டையும் ஒன்று. அயற்சொல்லை விலக்கிவிட்டு அயல்முறையைப் போற்றுவது, கதவைச் சாத்திவிட்டுச் சுவரை இடிப்பதாகும். காக்கைக் கூட்டத்தைக் 'காக்கைக் கொலை' என்று பெயர்ப்பதும் அத்தகையதே. அவன் புனைவு அவன் மொழிக்கு அழகு; அதனைப் பெயர்த்து நடுவது நமக்கு இழுக்கு.

தமிழன்பர்களே! ஆங்கிலம் கற்கும் பிள்ளை அதனைச் செம்மையாகவே கற்கட்டும். அப்பட்டியலின் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அதே பொருளைத் தமிழன் எண்ணும் சொல்லையும் அப்பிள்ளையை எழுதச் செய்யுங்கள். சொல் தெரியாவிடில் பாட்டியையும் கீரை விற்பாரையும் கேட்டு வரச் செய்யுங்கள். அகரமுதலியில் ஏறாத சொற்களும் அவர்கள் நாவில் இன்னும் உயிரோடிருக்கின்றன. கடைக்குச் செல்லும் நீங்களும் 'ஒரு சீப்பு' என்றே கேளுங்கள். கேட்பார் இருக்கும் வரையில்தான் சொல் இருக்கும்.