பொருத்தனை நம்முடையது

அந்நிய மண்ணில் ஊழியம் செய்யும் தமிழ்ப் பெற்றோரே,

சமீபத்தில் வந்த ஜெபக் கடிதங்களை வாசித்துவிட்டு இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு கடிதத்தில், வளர்ந்த பையன் இன்னும் இரவில் படுக்கையை நனைக்கிறான், விடுதலைக்காக ஜெபியுங்கள் என்று இருந்தது. இன்னொன்றில், மகள் கணக்குப் பரீட்சையில் மறுபடியும் தோற்றுப்போன செய்தி. இரண்டிலும் பிள்ளையின் பெயர் உண்டு, படமும் உண்டு. அந்தக் கடிதம் எத்தனை சபைகளின் வாட்ஸப் குழுக்களைச் சுற்றிவரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அடுத்த விடுமுறைக்கு அந்தப் பையன் ஊர்க் கோயிலுக்குள் நுழையும்போது, முன்பின் தெரியாத ஒரு பெரியம்மா அவன் தலையில் கைவைத்து, "இப்ப சரியாயிட்டா தம்பி?" என்று கேட்பார். அன்பாகத்தான் கேட்பார். அவன் எங்கே போய் ஒளிவான்?

உங்கள் சர்க்கரை நோயை எழுதுங்கள். உங்கள் சோர்வை எழுதுங்கள், விசா கிடைக்காததை எழுதுங்கள், வீட்டு வாடகை ஏறியதையும் எழுதுங்கள். அவை உங்களுடையவை. பிள்ளையின் வெட்கம் பிள்ளையுடையது. அதை ஊருக்கு வாசித்துக் காட்ட நமக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

நாங்கள் இருப்பது தான்சானியாவில், கிளிமஞ்சாரோ மலையடிவாரத்து மோஷி ஊரில். தரங்கம்பாடிப் பக்கத்தில் தமிழ் லுத்தரன் சபைகளை வளர்த்த அதே லைப்சிக் மிஷன்தான் 1893இல் இந்தச் சரிவுகளிலும் வேலையைத் தொடங்கியது. வாழையும் காப்பியும் சேர்ந்து வளரும் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. என் பிள்ளைகள் வழியில் பெரியவர்களைக் கண்டால் 'ஷிகாமூ' என்று வணங்கிவிட்டுத்தான் கடந்துபோவார்கள். சுவாஹிலியில் சண்டை போடுகிறார்கள், ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், தமிழில் அழுகிறார்கள். இங்கே தெருவில் அவர்கள் 'முஹிண்டி', இந்தியப் பிள்ளைகள். ஊருக்குப் போனால் 'ஆப்பிரிக்காப் பிள்ளைகள்'. எந்தப் பெயரும் அவர்கள் கேட்டு வாங்கியதல்ல. இந்த இடத்துக்கு வரலாமா என்று அவர்களை யாரும் கேட்கவுமில்லை. கேட்கும் வயதும் இல்லை அவர்களுக்கு.

வந்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அழைப்பு வந்தது, கீழ்ப்படிந்தோம். ஆனால் ஒன்று உண்டு. கீழ்ப்படிந்தது நாம். பிள்ளைகள் நம்மோடு கூட்டிக்கொண்டு வரப்பட்டவர்கள். இந்த வித்தியாசத்தை நாம் மறந்துவிடுகிறோம். அப்படி மறந்தபின், பிள்ளை வாய் திறந்து "எனக்கு இங்கே பிடிக்கலை" என்று சொன்னவுடன், "ஆண்டவருக்காகத்தானே கண்ணு" என்று அடைத்துவிடுகிறோம். அதற்குமேல் அந்தப் பிள்ளை என்ன பேசும்? ஆண்டவரை எதிர்த்தா பேசும்? ஆச்சியைப் பிரித்தவர் ஆண்டவர், ஆசைப்பட்ட பள்ளியை விடச்சொன்னவர் ஆண்டவர், தாத்தாவின் அடக்கத்துக்குப் போகவிடாதவரும் ஆண்டவர் என்று அந்த மனம் மெல்ல மெல்லக் கணக்கு எழுதிக்கொள்கிறது. இருபது வயதில் அவன் கோயிலுக்கு வர மறுத்தால், "உலகம் இழுத்துவிட்டது" என்று இன்னொரு ஜெபக் குறிப்பு எழுதுகிறோம்.

மேடையில் ஆபிரகாமின் கதையைச் சொல்லி, "நான் என் ஈசாக்கைக் கொடுத்துவிட்டேன்" என்று சாட்சி சொல்லும் அண்ணன்மாரை நான் கேட்டிருக்கிறேன். அந்தக் கதையில் கத்தி இறங்கவில்லை. தேவதூதன் கூப்பிட்டுத் தடுத்தான், பலிக்கு ஆட்டுக்கடா ஏற்கெனவே புதரில் இருந்தது. மகளை உண்மையிலேயே இழந்த தகப்பன் வேறொருவன். நியாயாதிபதிகள் 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறான். யெப்தா யுத்தத்துக்குப் போகும்போது ஒரு பொருத்தனை பண்ணினான். பண்ணியது அவன், பலன் வெற்றியாகக் கிடைத்ததும் அவனுக்கு. அதைச் செலுத்தியது, தம்புரு வாசித்து நடனம் ஆடிக்கொண்டு அவனை எதிர்கொண்டு வந்த ஒரே மகள். அவளைக் கண்டதும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, நீ என்னைக் கலங்கப்பண்ணினாய் என்று அவளையே அவன் நொந்துகொண்டான். கர்த்தர் அப்படி ஒரு பொருத்தனையைக் கேட்டதாக அந்த அதிகாரத்தில் எங்கும் இல்லை. ஈசாக்கை விட்டுவிட்டு இந்த அதிகாரத்தை ஒருமுறை முழங்காலில் இருந்து வாசியுங்கள். கொர்பான் என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்ட இடத்தையும் அதோடு சேர்த்து வாசியுங்கள். காணிக்கை என்ற பெயரால் வீட்டாருக்கு உள்ள கடனைத் தள்ளிவிடுவதை அவர் ஏற்கவில்லை.

இந்த நாட்டின் மேற்கு ஓரத்தில், தாங்கனிக்கா ஏரிக்கரையில் உஜிஜி என்ற ஊர் இருக்கிறது. 1871இல் ஸ்டான்லி தேடி வந்து டேவிட் லிவிங்ஸ்டனைக் கண்ட இடம். ஞாயிறு பள்ளியில் அந்தச் சந்திப்பை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அவர் வீட்டுக் கதையை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. 1852இல் கேப் டவுனில் மனைவி மேரியையும் நான்கு பிள்ளைகளையும் பிரிட்டனுக்குக் கப்பலேற்றிவிட்டு அவர் உள்நாட்டுக்குள் போனார். அவர் திரும்பிவர நான்கு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை நிலையான வீடில்லாமல், கையில் காசில்லாமல், அந்தத் தாய் பிள்ளைகளோடு இடம் மாறி இடம் மாறி அலைந்தார். பிறகு கணவனோடு இருக்கவேண்டும் என்று ஆப்பிரிக்காவுக்கே வந்தவர், 1862இல் சாம்பேசி ஆற்றங்கரையில் காய்ச்சலில் இறந்தார். கடைசி மகள் அன்னா மேரியைத் தகப்பன் முதன்முதலாகப் பார்த்தபோது அவளுக்கு ஐந்து வயது.

மூத்த மகன் ராபர்ட்டைப் பற்றி நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும். அப்பாவைத் தேடி அவன் தென்னாப்பிரிக்கா வரை வந்தான். அவர் இருந்த இடத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. அங்கிருந்து எப்படியோ அமெரிக்கா போய், அந்த நாட்டு உள்நாட்டுப் போரில் வடக்கு அணிப் படையில் வேறொரு பெயரில் சேர்ந்தான். அப்பாவின் பெயருக்கு மேலும் இழுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகப் பெயரை மாற்றிக்கொண்டதாக அவருக்கே எழுதினான். 1864இல் வட கரோலினாவின் சால்ஸ்பரி சிறைமுகாமில் இறந்துபோனான். பதினெட்டு வயது. உலகமே மதித்த ஒரு பெயர், சொந்த மகனுக்குச் சுமக்க முடியாத பாரமாகிவிட்டது. லிவிங்ஸ்டன் அடிமை வியாபாரத்தின் கொடுமையை உலகத்தின் கண்முன் கொண்டுவந்தார், அதற்காக இந்தக் கண்டம் இன்றும் அவரை நினைக்கிறது. நானும் நன்றியோடு நினைக்கிறேன். பிள்ளைகளோடு விளையாடாமல் விட்டதற்காகப் பிற்காலத்தில் அவரே வருந்தி எழுதியிருக்கிறார். அவர் பெயரை நம் பிள்ளைக்கு வைக்கும் நாம், அவர் வருத்தத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளக் கூடாதா?

நம் ஊருக்கு நெருக்கமான கதை ஒன்றும் உண்டு. வேலூர் ஐடா ஸ்கட்டர் அம்மையாரின் வீட்டுக் கதவை ஒரே இரவில் மூன்று பேர் தட்டிய சம்பவத்தை எத்தனை மிஷனரி ஞாயிறுகளில் கேட்டிருப்போம்! ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த அந்தப் பெண், வளரும் வயதில் அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விடப்பட்டார். தகப்பன் முன்னே இந்தியாவுக்குப் போயிருக்க, தாயும் பின்னே கப்பலேறினார். தன் குடும்பத்து வழியில் மிஷனரியாக ஒருநாளும் போகமாட்டேன் என்று அந்தப் பெண் உறுதியாக இருந்ததற்கு அந்த நாட்களின் கண்ணீருக்கும் பங்கு இருக்கிறது. பிரசங்கத்தில் அந்தக் கண்ணீரை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம், முடிவு நன்றாக அமைந்துவிட்டது என்பதற்காக. ஐடா அம்மையார் திரும்பி வந்தது தேவகிருபை. நம் பிள்ளையை அழவிட்டுவிட்டு அந்தக் கிருபையைப் பாக்கியாக எதிர்பார்த்துக் காத்திருப்பது விசுவாசம் ஆகாது.

அந்தக் காலத்துப் பெற்றோரே இதைத் திருத்தப் பார்த்தார்கள். ஹவாய்த் தீவுகளில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் ஆறேழு வயதுப் பிள்ளைகளைத் தென்னமெரிக்க முனையைச் சுற்றி மாதக்கணக்கில் போகும் கப்பலில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அது தாங்காமல்தான் 1841இல் அங்கேயே புனாஹூ பள்ளியைத் தொடங்கினார்கள். கொடைக்கானலில் 1901இல் தொடங்கிய பள்ளிக்கும் இதே காரணம்தான். விடுதிப் பள்ளி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சில பணித்தளங்களில் வேறு வழியே கிடையாது, நல்ல விடுதிகளும் உண்டு. ஆனால் விடுதியில் விட்டபின், "வார்டன் பார்த்துக்கொள்வார், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று கையைத் தட்டிவிட்டு ஜீப்பில் ஏறுகிறவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஞாயிறு தோறும் தொலைபேசியில் பத்து நிமிஷம் பேசும்போது, அதில் எட்டு நிமிஷம் மார்க்கையும் வேதவாசிப்பையும் விசாரிக்காதீர்கள். மதியம் என்ன சாப்பாடு என்று கேளுங்கள், யாரோடு சண்டை என்று கேளுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்ல அந்தப் பிள்ளைக்குப் பழக்கம் இருந்தால்தான், ஒருநாள் அங்கே யாராவது அதனிடம் தகாதபடி நடந்துகொண்டாலும் அது உங்களிடம் வந்து சொல்லும்.

எரிக் லிடலை ஓட்டப்பந்தய வீரராகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்து, 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் தங்கம் வாங்கியவர். சீனாவில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, ஆறு வயதில் அண்ணனோடு இங்கிலாந்து விடுதியில் விடப்பட்ட பிள்ளை அவர். பின்னாளில் தானும் சீனாவில் மிஷனரியாக இருந்தபோது, போர் நெருங்கியதும் கர்ப்பிணியான மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் 1941இல் கனடாவுக்கு அனுப்பினார். மூன்றாவது மகளின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. ஜப்பானியர் அவரை அடைத்துவைத்த வெய்சின் முகாமில், செஃபூ மிஷனரிப் பள்ளியின் பிள்ளைகள் பெற்றோர் இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார், விளையாட்டு நடத்தினார். அந்தப் பிள்ளைகளுக்கு அவர் 'எரிக் மாமா'. 1945 பிப்ரவரியில் அங்கேயே மூளைக் கட்டியால் இறந்தார். போர் பிரித்ததை யாரும் குறைசொல்ல முடியாது. நம் வீட்டில் போர் எதுவும் இல்லையே. அடுத்த அறையில் இருக்கும் பிள்ளையிடமிருந்து நம்மைப் பிரித்துவைப்பது மாலைநேரக் கூட்டமும் அறிக்கை எழுதும் வேலையும்தானே?

குடும்ப ஜெபத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பல வீடுகளில் அது இன்னொரு ஊழியக் கூட்டமாகிவிட்டது. அப்பா பிரசங்கம் பண்ணுகிறார், அம்மா பிள்ளைகளின் ஜெபத்தைத் திருத்துகிறார். "ஸ்தோத்திரம் சொல்லி ஆரம்பி", "இந்தியாவுக்குப் போகணும்னு எல்லாம் ஜெபிக்கக் கூடாது". ஏன் கூடாது? 88ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவும் இல்லாமலே முடிகிறது. அப்படி ஒரு ஜெபத்துக்கு வேதத்திலேயே இடம் இருக்கும்போது நம் வீட்டுப் பாயில் இடம் இல்லையா? என் மாமியார் இறந்தபோது எங்களால் ஊருக்குப் போக முடியவில்லை. அன்று ஜெபத்தில் என் மகள், "ஏன் ஆண்டவரே எங்களை ஆச்சிகிட்ட விடல?" என்று உரக்கக் கேட்டாள். என் கணவர் ஜெபத்தை நிறுத்தினார். "ஆண்டவர் தடுக்கலம்மா. டிக்கெட்டுக்குப் பணம் புரட்ட முடியல. இத்தனை தூரம் வந்து இருக்கணும்னு முடிவு பண்ணினது அம்மாவும் அப்பாவும். உனக்குக் கோபம் இருந்தா எங்ககிட்ட கோபப்படு" என்றார். அவள் கோபப்பட்டாள், நன்றாகவே. பிறகு தன் வாயாலேயே ஜெபத்தை முடித்தாள். முடிவு நம்முடையது என்று ஒப்புக்கொண்டால் நம் அழைப்பின் மகிமை குறைந்துபோகும் என்று பயப்படாதீர்கள். அப்படிச் சொன்ன பிறகுதான் பிள்ளை தன் துக்கத்தை ஆண்டவரிடம் கொண்டுபோகிறது. அதுவரை, அந்தத் துக்கத்துக்குக் காரணமே அவர்தான் என்று நாம் சொல்லிவைத்திருக்கிறோம்.

விடுமுறைக்கு ஊர்வந்தால் நாம் செய்வது இதைவிட மோசம். தாங்கும் சபைகள் பத்து இருந்தால் பத்து மேடையிலும் பிள்ளைகளை ஏற்றுகிறோம். அந்த நாட்டுத் துணியைக் கட்டிவிட்டு, அந்த மொழியில் ஒரு பாட்டுப் பாடவைக்கிறோம். சபையார் கைதட்டுகிறார்கள், காணிக்கைப் பை வருகிறது. எதற்காகத் தான் பாடினோம் என்பது பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியாது என்றா நினைக்கிறீர்கள்? அந்தத் துணியை அன்றாடம் கட்டுகிற பெண்கள் அதன் சிநேகிதிகளின் அம்மாக்கள். அவர்களை வேஷமாகப் போட்டுக் காட்டுவது அதற்கு உள்ளுக்குள் வலிக்கும். தானாக ஆசைப்பட்டுப் பாடுகிற பிள்ளையைத் தடுக்கவேண்டாம். "நான் வரலை" என்று சொல்கிற பிள்ளையை ஆச்சி வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போங்கள். அந்த விடுமுறை அதற்கும் விடுமுறைதான். குளத்தில் குதிக்கட்டும், சித்தப்பா பிள்ளைகளோடு தூங்கட்டும், ஆச்சியின் பெரிய எழுத்து வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்க்கட்டும். தமிழ் அங்கேதான் ஒட்டும்.

அடுத்த ஜெபக் கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால் உங்கள் பிள்ளையிடம் கொடுங்கள். தன்னைப் பற்றிய எந்த வரியை அடிக்கச் சொன்னாலும், காரணம் கேட்காமல் அடித்துவிடுங்கள். படத்தை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். தாங்கும் சபையின் கமிட்டி, "பிள்ளைகளைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே, படம் இல்லையே" என்று கேட்டால், பிள்ளைகள் விரும்பவில்லை என்று நேராகப் பதில் எழுதுங்கள். வருத்தப்பட்டுத் தாங்குதலைக் குறைக்கிற சபையும் இருக்கலாம், குறைக்கட்டும். கமிட்டியிலும் பிள்ளை பெற்றவர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், எடுத்துச் சொன்னால் கேட்பார்கள். தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். பத்து வீட்டார் சேர்ந்து ஒரே கடிதமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்புவோம்.